பியூஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள்

தரம் ஆறு பிள்ளைகளுக்கு, முக்கியமாக மூன்றாவது வாங்கில் உட்காரும் கவிஷ்னாவுக்கு.

அன்றைக்கு உங்கள் வகுப்பில் பல்ப் எரித்துக் காட்டிவிட்டு நான் புறப்படும்போது, "அக்கா, நீங்க ஏன் இப்ப வயரிங் வேலைக்குப் போறதில்ல?" என்று கவிஷ்னா கேட்டாள். நான் டோர்ச் பேட்டரிகளைப் பைக்குள் போடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பிறகு டீச்சர் உங்கள் வகுப்பு தொகுக்கிற விஞ்ஞானப் புத்தகத்துக்கு மின்சுற்றைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இப்படி அனுபவங்களை எழுதுவது வழக்கமாம். எனக்கு இருபத்தெட்டு வயது. ஆனால் டீச்சர் கேட்டபோது ஏழு மாதமாக ஒரு வயரையும் தொட்டிருக்கவில்லை. அந்தக் கணக்கில் நானும் ஓய்வு பெற்றவள்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருந்தால் டீச்சர் திருத்திவிடுவார். கவிஷ்னாவுக்குச் சொல்லாத பதிலை இதில் சொல்லப் பார்க்கிறேன்.

எனக்கு வேலை பழக்கியது பள்ளிக்கூடம் இல்லை, கல்யாணம். என் வீட்டுக்காரர் ரவி, எல்கடுவப் பக்கத்தில் வயரிங் பாஸ், அதாவது வயரிங் மேஸ்திரி. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம் அவரோடு வேலை செய்த பையன் கொழும்புக்குப் போய்விட்டான். "வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் நீ வா புள்ள" என்று கூப்பிட்டார். எட்டு வருடமாக அவருக்கு வேறு ஆள் கிடைக்கவே இல்லை.

முதல் வருடம் சாமான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் வருடம் சுவர் வெட்டினேன். அதற்குப் பிறகு ஏணியும் ஏறினேன். சீகிரியாவில் வெள்ளைக்காரர்கள் தங்கும் அறைகள், வில்கமுவவில் வயல் நடுவே கட்டிய வீடுகள், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள் எல்லாவற்றிலும் எங்கள் வேலை இருக்கிறது. போகிற இடமெல்லாம், "பொம்பளையா வயர் இழுக்குது?" என்று கேட்பார்கள். அவர் சிரிக்காமல், "நான் தான் கையாள். பாஸ் அவதான்" என்பார். அதிலிருந்து சிலர் என்னைக் கேலியாக 'பாஸ் நோனா', பாஸ் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அவர் வேலை செய்கிற விதத்தை எழுதினால்தான் மற்றது புரியும். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் பையைத் திறக்க மாட்டார். உட்கார்ந்து கேள்வி கேட்பார். எப்போது கரண்ட் போகிறது, மழை நாளா, யார் எந்த சுவிட்சைப் போட்டபோது. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். பிறகு பழைய மெயின் பலகையிலிருந்து வெள்ளைப் பீங்கான் பியூஸைக் கழற்றுவார். பியூஸ் என்றால் சின்னப் பீங்கான் துண்டுதான். அதற்குள் ஒரு மெல்லிய கம்பி ஓடும். அதைக் கழற்றினால் கரண்ட் வரும் வழி அந்த இடத்தில் அறுந்துவிடும். கழற்றியதை மேசையில் வைக்க மாட்டார். என் கையில் வைத்து என் விரல்களை மூடிவிடுவார். அதற்குப் பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வயரைத் தொடுவார். வேலை முடிந்து அவர் இறங்கும்வரை பியூஸ் என் கையில் இருக்க வேண்டும். அதுதான் எங்கள் சட்டம்.

அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அது எங்களுக்கு மேல் டிவிசன் லயத்தில்தான் தெரிய வந்தது.

அந்த லயத்தில் வரிசையாக ஆறு காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வீடு. ஆறுக்கும் பொதுவாக முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய். ஒரு மாதமாக அந்தக் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றார்கள். பகலில் ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகுதான் அடிக்கும். கடைசியாக அடிபட்டவள் புஷ்பம், ஏழு மாதக் கர்ப்பிணி. வாளியோடு பின்னால் தூக்கிப் போட்டிருக்கிறது. நல்ல வேளையாக வயிற்றில் அடிபடவில்லை. அதற்குள் லயத்தில் பேய்க் கதை பரவி, குழாய்க்கு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள்.

ரவி அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு, "பேயி ஆறு மணிக்குத்தான் டியூட்டிக்கு வருதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவருடைய கேள்விகள் தொடங்கின.

"அடி வாங்குனவங்க செருப்பு போட்டிருந்தீங்களா?"

"யாரு தண்ணி புடிக்க செருப்பு போட்டுட்டுப் போறா தம்பி?"

"குழாய்ல ஏதாச்சும் வேல செஞ்சாங்களா இந்த மாசம்?"

செய்திருந்தார்கள். பழைய இரும்புக் குழாய் உக்கிப்போய், மேலேயும் கீழேயும் பிளாஸ்டிக் குழாய் மாற்றியிருந்தார்கள். நடுவில், லயத்துச் சுவரோடு போகிற இரும்புத் துண்டு மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கேட்டதும் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் ஞாபகம். பாதி கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்தது.

நல்ல வெயில் நேரத்தில், ஒவ்வொரு காம்பராவாக எல்லா சுவிட்சையும் போடச் சொன்னார். நான் குழாயில் டெஸ்டரை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றுமில்லை. நாலாவது காம்பராவில் சுவிட்சைப் போட்டதும் என் கையில் டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

அது பெருமாள் மாமாவின் காம்பரா. முன்னறைக்கும் சமைக்கிற குசினிக்கும் அவர் ஒரே சுவிட்ச் வைத்திருந்தார். முன்னறை லைட் எரிந்தது. குசினி லைட் எரியவில்லை.

"அந்த பல்ப் பழுதாப் போச்சி பாஸ். ஒரு மாசமா எரியல" என்றார் பெருமாள் மாமா.

அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "முழுசாப் பழுதாகல. பொழுதுபட்டா அப்பப்ப ஒரு மினுக்கு மினுக்கும். அன்னிக்கு புஷ்பம் விழுந்தப்பகூட மினுங்குச்சி" என்றார்.

ரவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன நடந்தது என்று பிள்ளைகள் கவனமாகப் படியுங்கள். ஒரு பல்ப் எரிய இரண்டு வயர் வேண்டும். ஒன்றில் கரண்ட் வரும், மற்றதில் திரும்பிப் போகும். குசினிக்கு லைட் போடும்போது பெருமாள் மாமாவிடம் வயர் போதவில்லை. ஒரு வயரைத்தான் இழுத்தார். பல்பின் மற்ற முனையைச் சுவரோடு போன தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டார். கரண்ட் பல்ப் வழியாக வந்து, குழாய் வழியாக மண்ணுக்குள் இறங்கித் திரும்பிப் போனது. லைட்டும் வருடக்கணக்காக நன்றாக எரிந்தது. எரிகிறதுதானே, பிழை என்று யாருக்குத் தெரியும்? பிளாஸ்டிக் குழாய் போட்ட அன்றைக்கு மண்ணுக்குப் போகிற வழி அறுந்தது. லைட் அணைந்தது. ஆனால் கரண்ட் பல்ப் வழியாகக் குழாய்வரை வந்து, திரும்பிப் போக வழி கிடைக்காமல் காத்துக்கொண்டு நின்றது. ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து குழாயைத் தொட்டவர்கள்தான் அந்த வழி. புஷ்பத்தின் உடம்பு வழியாகப் போய்ச் சுற்று முழுமையானபோது, உள்ளே பெருமாள் மாமாவின் பல்ப் மினுங்கியது. கசிவு வந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் அந்த வீட்டில் இல்லை. இருந்திருந்தால் குழாயில் வயரைக் கட்டிய அன்றைக்கே விழுந்து காட்டிக் கொடுத்திருக்கும்.

பெருமாள் மாமாவின் முகம் சாம்பலாகிவிட்டது. "நான் கொலகாரன் ஆகியிருப்பேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரவி அவரைத் திட்டவில்லை. "ஆகலதானே மாமா. ஏணிய மட்டும் கொண்டாங்க" என்றார்.

பியூஸைக் கழற்றி என் கையில் வைத்து மூடினார். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறினார். நான் கொஞ்ச நேரம் பலகையடியில் நின்றேன். அப்போது புஷ்பம் வாசலில் வந்து, "அக்கா, இங்க வாங்களேன், புள்ள உதைக்குது, கைய வச்சிப் பாருங்க" என்று கூப்பிட்டாள். பியூஸ் என் கையில்தானே இருக்கிறது என்று வாசலுக்குப் போனேன். ஒரு கையில் பியூஸ். மற்றக் கையை அவள் வயிற்றில் வைத்திருந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

உள்ளே 'டொம்' என்று சத்தம் கேட்டது.

நான் ஓடிப் போனபோது ரவி அரிசி மூட்டை மேல் மல்லாந்து கிடந்தார். பெருமாள் மாமா கேத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலகையில் பியூஸ் இருந்த இடத்தில் ஒரு வயர்த் துண்டு செருகியிருந்தது. இரண்டு முனையும் சுரண்டிய வயர்த் துண்டு. எங்கள் லயங்களில் அநேகமான வீட்டில் கதவுக்குப் பின்னால் அப்படி ஒன்று தொங்கும். பியூஸ் போனால் கடைக்குப் போக நேரமில்லாமல் அதைச் செருகிக்கொள்வார்கள். பாஸுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வேண்டுமென்று கரண்ட் கேத்தலைப் போட்டிருக்கிறார் பெருமாள் மாமா. கரண்ட் இல்லை. பழக்கத்தில் கை கதவுக்குப் பின்னால் போயிருக்கிறது.

நான் வயரைப் பிடுங்கக்கூடத் தோன்றாமல் மெயினை அடித்து நிறுத்தினேன். ரவி கண்ணைத் திறந்தார். கையை மடக்கிப் பார்த்தார். காலை மடக்கிப் பார்த்தார். பிறகு பெருமாள் மாமாவைப் பார்த்து, "மாமா, ஒங்க தேத்தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடியே தூக்குதே" என்றார். மாமா அழுதுவிட்டார். நானும் அழுதேன். அழாத ஒரே ஆள் விழுந்தவர்தான்.

மெயின் நிறுத்தியபடியே இருக்க, குழாயில் கட்டிய வயரை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம். தேயிலைக்கு நடுவே பாதி வழியில் அவரே கேட்டார்.

"பியூஸ் கையில இருந்துச்சா?"

"இருந்துச்சி."

இன்னும் என் கையில்தான் இருந்தது. உள்ளங்கையில் அதன் அச்சு பதிந்திருந்தது.

"அப்ப நீ சொன்னபடி செஞ்ச. சட்டம்தான் போதாது" என்றார். "இனிமே பலகைக்கு முதுகக் காட்டிக்கிட்டு முன்னால நில்லு புள்ள. எவன் வந்தாலும் ஒன்னத் தாண்டிப் போகக்கூடாது. நான் எறங்குனதும் நீ கேக்கணும். நான் சொன்னாத்தான் பியூஸத் தரணும்."

"என்னான்னு கேக்க?"

யோசித்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு காலும் தரையிலயான்னு கேளு."

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் அதைக் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு நாளும் ஒழுங்காக ஆமாம் என்று சொன்னதில்லை. "ஒரு கால்தான் இருக்கு, மத்தத தேடுறேன்" என்பார். "ரெண்டும் இருக்கு, ஒன்னு ஒன்னோடதா பாரு" என்பார். எங்கள் வீட்டில் சின்ன வேலை செய்தாலும் கேட்பேன். தேயிலைக் கொழுந்தை மடுவத்தில் நிறுத்துவிட்டு வருகிற அவருடைய அம்மா, என் அத்தை, "இதுக ரெண்டும் பைத்தியம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போவார். அத்தைக்குக் கரண்ட் என்றாலே பயம். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சுவிட்சைத் தொடுவார்.

இனி எழுதப்போவது கஷ்டமானது. சுருக்கமாக எழுதுகிறேன்.

ரவியைக் கரண்ட் கொல்லவில்லை. வில்கமுவவில் ஒரு வீட்டுக்கு வயல் வழியாக நாலு நாள் போய் வந்தார். காலில் ஒரு வெட்டு இருந்தது. திரும்பி வந்து காய்ச்சல் என்றார். "பனடோல் போதும் புள்ள" என்றார். நான் பனடோல் கொடுத்தேன். அடுத்த நாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள், முந்தியே கொண்டுவந்திருக்கலாமே என்றார்கள். ஆறாம் நாள் அவர் போய்விட்டார்.

செத்த வீட்டில் அத்தை என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். "நீ பக்கத்துலதானே இருந்த?"

கோபமாகக் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றைக்கு லயத்தில் பியூஸும் என் கையில்தான் இருந்த மாதிரி. பலகைக்கு முன்னால் நிற்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சோறு, தண்ணீர், விறகு தவிர வேறொன்றும் பேசவில்லை.

அந்த மாதமே எங்கள் குசினி லைட்டின் ஹோல்டர் கருகியது. ஊரெல்லாம் புது பலகை மாட்டிக் கொடுத்தவர், எங்கள் வீட்டில் பழைய பீங்கான் பியூஸையே விட்டு வைத்திருந்தார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்பார். ஹோல்டர் மாற்றக் கால் மணி நேரம் போதும். என் பையில் புது ஹோல்டரும் இருந்தது. நான் தொடவில்லை. அத்தையும் கேட்கவில்லை. ஏழு மாதமாகக் குப்பி விளக்கு வெளிச்சத்தில் சமைத்தோம். கவிஷ்னா, ஏன் வேலைக்குப் போவதில்லை என்று நீ கேட்டாயே. வேலை மறக்கவில்லை. நான் ஏணியில் ஏறினால் கீழே பியூஸைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை. பிடிக்க ஆள் வைத்துக்கொள்ள எனக்குத் தகுதியும் இல்லை என்று நினைத்தேன்.

அப்படி இருந்தபோதுதான் டீச்சர் வந்து கூப்பிட்டார். பேட்டரி வேலைதானே, பேட்டரிக்குப் பயமில்லை என்று வந்தேன். உங்கள் பாடப்புத்தகத்தில் சுவிட்சுக்கு ஆளி என்று போட்டிருக்கிறது. எட்டு வருடம் சுவிட்ச் பூட்டியிருக்கிறேன், ஆளி பூட்டச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பல்ப் எரிகிற மாதிரி படம் கீறச் சொன்னேன். பாதிப் பேர் பேட்டரியிலிருந்து பல்புக்கு ஒரே ஒரு கோடு போட்டிருந்தீர்கள். பெருமாள் மாமா மாதிரியே.

"ஒரு வயர்ல வந்த கரண்ட் எங்க போகும்?" என்று கேட்டேன்.

"பல்ப் அதத் தின்னுரும் அக்கா" என்றான் பின் வாங்கிலிருந்து ஒருவன்.

வகுப்பே சிரித்தது. நானும் ஏழு மாதத்துக்குப் பிறகு சிரித்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்து இரண்டாவது வயரைப் பிடித்துப் பார்த்தீர்கள். பிடித்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது. பல்ப் கரண்டைத் தின்பதில்லை. எவ்வளவு போகிறதோ அவ்வளவும் திரும்பி வரும். வழி முழுவதும் சேர்ந்திருந்தால்தான் ஓடும், எங்கே அறுந்தாலும் எல்லா இடத்திலும் நின்றுவிடும். இதைப் பேட்டரியில் மட்டும் செய்து பாருங்கள். சுவரில் இருக்கிற பிளக்கில் ஒருபோதும் செய்யாதீர்கள். அதைக் கட்டாயம் எழுதச் சொல்லி டீச்சர் சொன்னார், சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன்.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் அத்தை, "பள்ளிக்கூடத்துல என்னா சொல்லிக் குடுத்த?" என்று கேட்டார். சோறு தண்ணீர் தவிர அவர் கேட்ட முதல் கேள்வி. இரண்டு வயரைப் பற்றிச் சொன்னேன். கவிஷ்னா கேட்டதையும் சொன்னேன். அத்தை விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்பி வந்தபோது ரவியின் பை குசினி நடுவில் இருந்தது. பக்கத்தில் ஏணி. அத்தை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றார்.

"அத எங்கிட்ட குடு" என்றார்.

"அத்தை, ஒங்களுக்குப் பயம்."

"பயந்தா கைய நல்லா இறுக்கி மூடிக்கிறேன். குடு."

பியூஸைக் கழற்றி அவர் கையில் வைத்து விரல்களை மூடினேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். ஏணியில் ஏறினேன். கருகிய ஹோல்டரைக் கழற்றினேன், வயர் முனைகளை வெட்டிச் சுரண்டினேன். வெளியில் பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்காவின் குரல் கேட்டது. "அத்தாச்சி, தேங்காத் துருவி இருக்கா? அங்க ஏன் தூணு மாதிரி நிக்கிறீங்க?"

"இப்ப ஒன்னும் இல்ல. இந்தப் பக்கம் வராத. மருமக மேல நிக்கிறா" என்றார் அத்தை. அந்தக் குரலில் நானே ஏணியில் ஒரு நிமிடம் அசையாமல் நின்றேன்.

இரண்டு வயரையும் புது ஹோல்டரில் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். பல்பைப் போட்டேன். இறங்கி வந்து கையை நீட்டினேன்.

அத்தை பியூஸைத் தரவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு காலும் தரையிலயா?" என்று கேட்டார்.

எனக்கு வேடிக்கையாக ஒரு பதிலும் வரவில்லை. "ஆமா அத்தை" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் கையைத் திறந்தார்.